கட்டணமில்லா எண்

இதனால் சகல குடிமக்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், வரும் நிதியாண்டு முதல் இந்தத் தேசத்தில் எந்த ஒரு காதும் அநாதையாக விடப்படாது.

நிதியமைச்சர் இந்த வரியைப் படித்ததும் சபையில் மேசைகள் தட்டப்பட்டன. தொலைத்தொடர்புக்கும் பொது ஒலிபரப்புக்கும் வரலாறு காணாத ஒதுக்கீடு. போன வருஷத்து ஒதுக்கீடும் வரலாறு காணாததுதான். வரலாற்றுக்குக் கண்பார்வை மோசம்.

உரையை நேரடியாக ஒலிபரப்பிய வானொலி நிலையங்களில் ஒன்று ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருந்தது. ஒவ்வொரு வரலாறு காணாத ஒதுக்கீட்டுக்கும் நாலு பேர் வீதம் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, இப்போது அங்கே இரண்டே பேர். ஒருவர் அறிவிப்பாளர் அம்மா. தானே பேசி, தானே பாட்டுப் போட்டு, தனக்குத்தானே நன்றியும் சொல்லிக்கொள்பவர். தாழ்வாரத்தின் மறுகோடியில், ஒரு கதவுக்குப் பின்னால், டிரான்ஸ்மிட்டரோடு குடித்தனம் நடத்துகிற இன்ஜினியர் இன்னொருவர். எல்லாரும் அவரை டவர் என்பார்கள். ஆள் குள்ளம்.

இருவரும் நேரில் பேசிக்கொள்வது இவ்வளவுதான்.

"கரண்ட் வந்துடுச்சா சார்?"

"வந்துடுச்சு மேடம்."

அம்மாவின் பிள்ளைகள் கடல் தாண்டி இருந்தார்கள். அம்மாவின் குரலை அங்கிருந்தும் இணையத்தில் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும், தெரிந்ததோடு சரி. டவருக்குக் கேட்காமல் இருக்கக்கூட ஆள் இல்லை.

மாலையில் அரை மணி நேரம் நேயர்கள் தொலைபேசியில் பேசலாம். பேசத் தடையேதும் இல்லை, நேயர்கள்தான் இல்லை. அடிக்காத தொலைபேசியின் முன்னால் அம்மா தனியாகச் சிரித்துச் சமாளிப்பதை ஒருநாள் தன் அறை ஸ்பீக்கரில் கேட்டு, மனசு பொறுக்காமல் டவர் ரிசீவரை எடுத்தார். அன்றைக்கு ஒரு லாரி டிரைவர் பிறந்தார்.

"அக்கா, லாரி ஓட்டுறேங்க்கா. வண்டியை ஓரமா நிறுத்திட்டுப் பேசறேன்."

"சாப்டீங்களா தம்பி?"

"இல்லக்கா. தனியா உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது."

"வண்டில ரேடியோ இருக்குல்ல? போட்டுக்கிட்டு சாப்பிடுங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன்."

அடுத்த வாரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருமலோடு பிறந்தார். தன் வீட்டில் இரண்டாவது நாற்காலி எதற்கென்றே தெரியவில்லை என்று அம்மா அவரிடம் சொன்னார். "தூக்கிப் போட்டுடாதீங்கம்மா, யாராச்சும் வருவாங்க" என்றார் தலைமையாசிரியர், இருமக்கூட மறந்து.

அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். லாரி நின்ற சாலையில் நிலையத்து ஜெனரேட்டர் உறுமுவது போனில் கேட்டது. தலைமையாசிரியர் வீட்டிலும் அதே ஜெனரேட்டர்தான். அம்மா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திறந்தால் லாரி நின்றுவிடும்.

பட்ஜெட்டுக்கு முன்னால் தலைமையகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். நேயர்கள் கூப்பிடாவிட்டால் நிகழ்ச்சியை மூடிவிட வேண்டும் என்பது உத்தரவு. ஒரு வாரம் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தார். அந்த ஒரு வாரத்தில் டவர் ஒரு கூட்டுக்குடும்பத்தையே பெற்றுப் போட்டார். தையற்கடைக்காரர், அவருடைய மாப்பிள்ளை, மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல அவன் சகலை.

"கலக்கிட்டீங்க மேடம்! தலைநகர்லகூட இப்படிக் கூப்பிட மாட்டாங்க. இதுக்குப் பெரிய ஃபண்ட் வாங்கித் தரேன் பாருங்க."

"அதெல்லாம் வேணாம் சார். இது இப்படியே இருந்தாப் போதும்."

"அடக்கத்தைப் பாரு!"

அதிகாரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்தத் துறையில் அது முதல் தடவை. அதனால்தான் இத்தனை சேதம்.

பட்ஜெட் நிறைவேறியது. பழைய தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். இனி தேசம் முழுக்க ஒரே கட்டணமில்லா எண். அழைப்புகள் தலைநகருக்குப் போய், அங்கே வடிகட்டப்பட்டு, நிலையத்துக்கு வரும்.

முதல் மாலை டவர் தன் அறை போனில் அந்த எண்ணைச் சுழற்றினார். அவருடைய அழைப்பு மிகவும் முக்கியமானது என்று ஒரு இயந்திரம் திரும்பத் திரும்பச் சொன்னது. கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"நான் லாரி டிரைவர்மா. அக்காகிட்ட பேசணும்."

"சார், நம்பர் ரேடியோ ஸ்டேஷன்னு காட்டுதே. ஸ்டாஃப் பேசக்கூடாது சார்."

"ரெண்டே நிமிஷம்மா."

"சாரி சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வந்தது. "லாரி தம்பியை இன்னிக்குக் காணோம். சாப்டாரோ என்னவோ. ஐயாவுக்கு இருமல் எப்படி இருக்குன்னும் தெரியல." அதற்குப் பிறகு பாட்டுத்தான்.

நிகழ்ச்சி முடிந்து அம்மா தாழ்வாரத்தில் நடந்து வந்தார். கதவைத் திறந்துகொண்டு டவர் எதிரே வந்து நின்றார்.

"கரண்ட் வந்துடுச்சா சார்?"

"இன்னிக்குப் போகவே இல்லையே மேடம்."

"ஆமால்ல."

அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். டவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது.