லெசாலாவின் போர்வை

லெசாலா செத்த குட்டியின் பின்னங்கால்களைக் கத்தியால் கீறி, சட்டையைக் கழற்றுவது போலத் தோலை உருவினான். வாலை மட்டும் அப்படியே விட்டுவைத்தான். தாய் ஆடு முதலில் மோந்து பார்ப்பது வாலடியைத்தான். புலெங் பக்கத்துப் பட்டியிலிருந்து வாங்கி வந்த அநாதைக் குட்டியைத் தூக்கிப் பிடித்தாள். அதன் தாய் முந்தின நாள் பனியில் விறைத்துச் செத்திருந்தது. பீச் மரங்கள் பூத்த பிறகு பெய்கிற பனி எப்போதும் இப்படித்தான், ஈற்றுக்காலம் பார்த்து மலையிறங்கி வரும். லெசாலா உரித்த தோலைக் குட்டிக்குப் போட்டு, கால்களை அதன் ஓட்டைகளில் நுழைத்தான்.

குட்டியைப் பறிகொடுத்த ஆடு கல்பட்டியின் மூலையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. வேஷம் போட்ட குட்டியை அதன் முன்னால் விட்டார்கள். ஆடு மோந்தது. முட்டித் தள்ளியது. மறுபடி மோந்தது.

"ஏத்துக்கும் அக்கா," என்றான் லெசாலா.

"ஏத்துக்காம? எங்கம்மா உன்னையே ஏத்துக்கிச்சே."

அவன் சிரித்தான். "உனக்கென்ன, காதுல வெட்டு வாங்கின ஆடு நீ. எங்க போனாலும் நம்ம பட்டி அடையாளம் மாறாது."

புலெங் சின்ன வயதில் முள்கம்பியில் மாட்டி இடது காது மடலைக் கிழித்துக்கொண்டவள். அந்தப் பட்டி ஆடுகளுக்கும் இடது காதில்தான் வெட்டு. அந்தக் கேலி பழையது. அவளுடைய எரிச்சல் அதைவிடப் பழையது.

அவளுடைய அண்ணன் செயபாதா காய்ச்சலில் போன குளிர்காலத்தில்தான் அம்மா இவனைக் கூட்டி வந்தாள். பெற்றவர்களைப் பறிகொடுத்த தூரத்துச் சொந்தக்காரப் பையன். வாசலிலேயே நிறுத்தி, செயபாதாவின் போர்வையை எடுத்து இவன் மேல் போர்த்தினாள். போர்வை தரையில் புரண்டது. இவன் வளர்ந்து அதற்குள் நிறைந்தான். ஊரில் அம்மாவை இன்றைக்கும் மாசெயபாதா என்றுதான் கூப்பிடுகிறார்கள், செயபாதாவின் அம்மா. செத்த பிள்ளைக்குப் பெயர், வந்த பிள்ளைக்கு மடி. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். புலெங் தானேதான் வளர்ந்தாள். களிச்சட்டியின் தீய்ந்த அடியைச் சுரண்டித் தின்று வளர்ந்தாள்.

பட்டியின் நடுவில் இன்னொரு ஆடு காலையிலிருந்து முக்கிக்கொண்டிருந்தது. பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் குட்டியின் குளம்பு ஒன்றுதான் எட்டிப் பார்த்தது. லெசாலா போர்வையைக் கழற்றிச் சுவரில் போட்டுவிட்டு, கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே விட்டான்.

"தலை பின்னால திரும்பிக் கெடக்கு. என் கை போகமாட்டேங்குது. உன் கைதான் அக்கா வேணும்."

அப்போதுதான் சுவருக்கு அந்தப்பக்கம் அத்தையின் தலை தெரிந்தது. சாகக் கிடக்கும் அம்மாவின் பக்கத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

"லெசாலா, அம்மா உன்னக் கேக்குறா. மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. சீக்கிரம் வா."

அவன் கையை உருவினான். "அக்கா, நீ இதப் பாரு. நான் போறேன்."

அதுதான் நியாயம். தலை திரும்பிய குட்டியென்றால் அக்கம்பக்கத்துப் பட்டிகளிலிருந்துகூட அவளைத்தான் கூப்பிட வருவார்கள். 'எம்மக கை எலிப்பொந்துக்குள்ளயும் போகும்' என்று அம்மா ஒருமுறை நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள். அம்மா வாயிலிருந்து அவளுக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். புலெங் இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

"என் கை வெறைச்சுப் போச்சு. வெரலே மடங்கல. நீயே பாரு, நான் போறேன்."

"என்னத்தானே அக்கா கேக்குது."

"ஏன், பெத்த மக போனா ஆகாதா?"

அவன் அவளுடைய அக்குளையே கொஞ்சநேரம் பார்த்தான். ஆடு முனகியது. அவன் மறுபடி மண்டியிட்டான்.

"நனைஞ்சிருக்க. என் போர்வையப் போத்திக்கிட்டுப் போ," என்றான் திரும்பாமலே.

வீட்டுக்குள் வரட்டிப் புகை தாழ்வாக நின்றது. அம்மா கண்களை மூடிக் கிடந்தாள். புலெங் பாயோரம் மண்டியிட்டதும் அம்மாவின் மூக்கு அசைந்தது. போர்வையில் ஆட்டுக் கொழுப்பும் அவனுடைய புகையிலையும் மணந்தன.

"வந்துட்டியா லெசாலா."

அத்தை வாயைத் திறந்தாள். புலெங் ஏறிட்டுப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"குளிருதாடா? கிட்ட வா."

இந்தக் குரலைப் புலெங் சுவருக்கு அந்தப்பக்கமிருந்தே கேட்டு வளர்ந்தவள். தன் பக்கம் திரும்பிக் கேட்டதில்லை. நான் லெசாலா இல்ல, புலெங் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையைக் கொண்டுபோய் அம்மாவின் மார்பில் வைத்துக்கொண்டாள்.

அம்மாவின் கை போர்வைக்குள் நுழைந்தது. தலைமுடியைத் தடவியது, கன்னத்துக்கு இறங்கியது, காதுக்கு வந்தது. இடது காது. கிழிசல் இருந்த இடத்தில் கை நின்றது. கட்டைவிரல் ஒருமுறை அந்தப் பிளவின் வழியாகப் போய்வந்தது.

புலெங் காத்திருந்தாள்.

அதன்பிறகு அம்மா எந்தப் பெயரும் சொல்லவில்லை. கையையும் எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து அத்தைதான் வந்து அந்தக் கையை எடுத்துக் கீழே வைத்தாள்.

லெசாலா ஓடி வந்தபோது அவன் கையில் முழங்கைவரை ரத்தம் காய்ந்திருந்தது. வாசலிலேயே புரிந்துகொண்டு நிலையைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

"ஆடு பொழைச்சிருச்சு," என்றான். "குட்டி போயிருச்சு."

உன் கை இருந்திருந்தால் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"அம்மா என்னத் தேடுச்சா?"

"தேடுச்சு."

"என்ன சொல்லுச்சு?"

புலெங் போர்வையைக் கழற்றி அவன் தோளில் போட்டாள்.

"குளிருதாடா, கிட்ட வான்னு சொல்லுச்சு."

அவன் நிலைப்படியிலேயே உட்கார்ந்து, அந்தப் போர்வைக்குள் முகத்தைப் புதைத்து அழுதான். மிச்சத்தை அவள் சொல்லவில்லை. அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

அடக்கத்துக்குச் சொந்தபந்தம் வந்து சேருவதற்குள் அநாதைக் குட்டி மேலிருந்த தோல் நாற ஆரம்பித்துவிட்டது. முற்றத்தில் பெண்கள் பெரிய சட்டிகளில் களி கிண்டிக்கொண்டிருந்தபோது இருவரும் பட்டிக்குப் போனார்கள். புலெங் தோலை அறுத்துக் கழற்றி எறிந்தாள். அம்மணமான குட்டியை ஆடு வாலடியில் மோந்தது, இன்னொரு முறை மோந்தது. குட்டி முட்டி போட்டு மடியில் வாய்வைத்து, வாலை ஆட்டியது. இத்தனை நாளில் அதன் உடம்பிலும் இந்த ஆட்டின் பால் வாசம் வந்துவிட்டிருந்தது.

"இதுக்கும் காது வெட்டிரலாமா அக்கா? நம்ம பட்டியோடது ஆயிருச்சே."

"பிடிச்சுக்க."

அவன் குட்டியைப் பிடித்துக்கொண்டான். புலெங் அதன் இடது காதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து, இன்னும் வெட்டுப்படாத அந்த மெல்லிய ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். இன்னொரு கையில் கத்தி அப்படியே இருந்தது.