நிற்கக் கூடாத வண்டி

சத்தம் முதலில் கேட்டது கடலூர் ஓ.டி. கடைத்தெருவில். மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் வாடகை அம்பாசிடர் காரை உருட்டிக்கொண்டு வந்த பஞ்சநாதனுக்கு, முன்பக்கத்து இடது சக்கரத்தில் 'டக்... டக்...' என்று ஏதோ தட்டுவது காதில் விழுந்தது. அவனுக்குப் பொல்லாத காது. பெண்டாட்டி சொல்வதைத் தவிர மற்ற எல்லாம் அதற்குக் கேட்கும்.

பின்சீட்டில் கல்யாணப் பெண் அமராவதி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளை அழைத்துப் போக வந்திருந்த மாப்பிள்ளையின் அக்கா விருத்தாம்பாள் பக்கத்தில். முன்சீட்டில் பெண்ணின் தாய்மாமன் தட்சிணாமூர்த்தி. மற்ற சொந்தபந்தமெல்லாம் பஸ்ஸில் முன்னாலேயே சிதம்பரம் போய்விட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை விடியற்காலை அங்கே முகூர்த்தம்.

"ஐயா, முன் சக்கரத்துல ஏதோ சத்தம் வருது. ஓரங்கட்டிப் பாத்துடறேன்" என்றான் பஞ்சநாதன்.

தட்சிணாமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார். "பொண்ணு ஏத்தின வண்டி வழியில நிக்கப்படாது. தெரியாதா உனக்கு? வாய மூடிக்கிட்டு ஓட்டு."

தெரியாமல் என்ன! இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். போன வருஷம் அமராவதிக்கு நிச்சயம் பண்ண அண்ணாகிராமத்திலிருந்து புறப்பட்டவர்களின் வண்டி பாதி வழியில் அச்சு முறிந்து நின்றது. அவர்கள் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். அச்சு முறிந்ததற்கு வண்டிக்காரனை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்தான் ராசியில்லாதவள் என்று ஆகிவிட்டது. ஊருக்கு அது சுலபம். அதற்குப் பிறகு அலையாய் அலைந்து அமைந்த சம்பந்தம் இது. இந்த வண்டியும் நின்றால் இந்தக் கல்யாணமும் நின்றுவிடும் என்ற பயத்தில்தான் மாமன்காரர் பல்லைக் கடித்தார்.

ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் சத்தம் காணாமல் போயிற்று. பஞ்சநாதன் லேசாக இடது பக்கம் ஒடித்துப் பார்த்தான், வலது பக்கம் ஒடித்துப் பார்த்தான். பேரிங் போயிருந்தால் ஒடிக்கும்போது உறுமும். உறுமவில்லை. கல்லாக இருக்கும் என்று நினைத்தான். சக்கரத்தின் நடுவில் நட்டுகளை மூடியிருக்கும் பளபளப்பான வீல் கப்புக்குள் கல் கிடந்தால், மெதுவாகப் போகும்போது உருண்டு உருண்டு தட்டும். வேகமாகச் சுற்றினால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

"என்னா அது, டக்கு டக்குன்னு?" என்றாள் விருத்தாம்பாள்.

"சின்ன கல்லும்மா. பயப்பட ஒண்ணுமில்ல."

"பாத்தியா, வேகமா போனா சத்தமே இல்ல. இப்படியே போ" என்று தட்சிணாமூர்த்தி முகம் மலர்ந்தார்.

ஆலப்பாக்கத்தில் ஓர் ஆட்டு மந்தை ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. பஞ்சநாதன் வேகத்தைக் குறைத்தான். சத்தம் திரும்ப வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். இப்போது தட்டியது ஒன்றல்ல. 'டக்-டடக்... டக்-டடக்' என்று ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு இரண்டு.

அழுத்தி மூடிய மூடிக்குள் கல் எப்படிப் போகும்? போனதே போகட்டும், அது எப்படி வழியில் குட்டி போடும்?

அப்போதுதான் அவனுக்குப் புதன்கிழமை மத்தியானம் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை தெற்கே சூலம். தெற்கே இருக்கிற சிதம்பரத்துக்கு அன்று புறப்படக் கூடாது. அதனால் முந்தின நாளே நல்ல நேரத்தில் காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, பெண் வீட்டு வாசலில் தெற்குப் பார்க்க நிறுத்திப் பரஸ்தானம் பண்ணிவிட வேண்டும், பிரயாணம் அப்போதே ஆரம்பமானதாகக் கணக்கு என்று தட்சிணாமூர்த்தி ஏற்பாடு செய்திருந்தார். பஞ்சநாதனோ அந்த நேரம் பார்த்துப் பஞ்சர் ஒட்டிய முன்பக்கத்து இடது டயரை மாட்டிக்கொண்டிருந்தான். நட்டுகளை விரலால் திருகியாயிற்று. ஜாக்கியை இறக்கிவிட்டு ஸ்பேனரால் இறுக்க வேண்டியதுதான் பாக்கி. "ராகு காலம் பொறக்கப் போவுதுய்யா! எடுய்யா வண்டிய!" என்று தட்சிணாமூர்த்தி வாசலில் குதித்தார். அவசரத்தில் ஜாக்கியை இறக்கி, மூடியைத் தட்டிப் பொருத்திவிட்டுக் காரை எடுத்தான். வாசலில் நிறுத்தியதும் நாலு மூடிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். அப்படி வைத்த பிறகு கிளம்புகிற வரைக்கும் அதை யார் தொடுவது? பஞ்சநாதன் தொடவில்லை. பிறகு மறந்தும் போனான்.

உள்ளே உருள்வது நட்டு. கழன்று விழுந்த நட்டு. வேகமாகப் போனால் அது சத்தம் போடாது, அவ்வளவுதான். கழல்வது நிற்காது.

மந்தை விலகியது. "ம், அமுத்து!" என்றார் தட்சிணாமூர்த்தி. பஞ்சநாதன் அமுத்தவில்லை.

"ஐயா, நிறுத்தியே ஆவணும்."

"நிறுத்தின, உன் கைய ஒடிச்சிடுவேன். வெளக்கு வைக்கறதுக்குள்ள போய்ச் சேரணும்."

புதுச்சத்திரம் வந்தது, போயிற்று. ஸ்டீரிங் அவன் உள்ளங்கையில் நடுங்க ஆரம்பித்தது. மூடிக்குள் இப்போது எத்தனை கிடக்கிறது என்று அவனால் பிரித்துக் கேட்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் வெள்ளாற்றுப் பாலம். பாலத்தின் மேல் சக்கரம் கழன்றால்? கண்ணாடியில் பின்னால் பார்த்தான். அமராவதி நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஏதோ புரிந்திருந்தது. நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் ஏது?

முட்லூர் தாண்டியதும் பஞ்சநாதன் காரை ஓரங்கட்டி நிறுத்தினான்.

"அடப்பாவி, கெடுத்தியே குடிய!" என்று தட்சிணாமூர்த்தி கத்தினார். அவன் காதில் வாங்காமல் இறங்கி ஓடி, குங்குமம் வைத்த மூடியை ஸ்குரு டிரைவரால் நெம்பினான். நட்டுகள் பொலபொலவென்று ரோட்டில் கொட்டின. சக்கரத்தில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்து பார்த்த விருத்தாம்பாள் நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, உசுரே போயிருக்குமே! எங்கம்மா அப்பவே சொன்னாங்க. ஏற்கெனவே தட்டிப் போன பொண்ணு, நல்லா விசாரிங்கன்னு. வீட்டு வாசப்படி மிதிக்கறதுக்கு முன்னாலயே சக்கரம் கழலுதே! நான் போயி என்னான்னு சொல்லுவேன்?"

அமராவதி அழக்கூட இல்லை. இது இப்படித்தான் வரும் என்று எதிர்பார்த்திருந்தவளைப் போலக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பஞ்சநாதனை ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. அவன் வாயைத் திறக்காமல் நட்டுகளைப் பொறுக்கி மாட்டினால் போதும், பழி தானாகப் பெண் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவன் பிழைப்புக்கு ஒரு குறையும் வராது. குனிந்து நட்டுகளைப் பொறுக்கியவனுக்கு அந்த ஆசை வரத்தான் செய்தது. ஆனால் அந்த மூடிய கண்களைப் பார்த்த பிறகு அவனால் முடியவில்லை.

"சகுனமும் இல்ல, ராசியும் இல்லம்மா" என்றான். "தப்பு என்னுது. டயரு மாத்திட்டு நட்ட முடுக்காம வுட்டுட்டேன். யாரு ஏறியிருந்தாலும் கழண்டிருக்கும்."

"முடுக்கலியா? ஏன்?"

தட்சிணாமூர்த்தி அவனை அடிக்கக் கையை ஓங்கியிருந்தார். பஞ்சநாதன் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். "மறந்துட்டேம்மா" என்று மட்டும் சொன்னான். ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது.

பிறகு விருத்தாம்பாள் பிடித்துக்கொண்டாள். அவன் ஏழு தலைமுறையையும் இழுத்து, சோற்றைத் தின்கிறானா வேறு எதையாவது தின்கிறானா என்று கேட்டு, மூச்சு விடாமல் திட்டினாள். அத்தனையும் அவன் தலையில் விழுந்ததே தவிர, ஒரு சொல்கூடப் பெண் பக்கம் போகவில்லை. பஞ்சநாதன் ஸ்பேனரில் முழு பலத்தையும் போட்டு நட்டுகளை இறுக்கினான். வாழ்க்கையில் இவ்வளவு திட்டு அவன் வாங்கியதில்லை. வாங்க வாங்க நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

"போய்ச் சேந்ததும் இவன் முதலாளிக்குச் சொல்லி அனுப்புங்க. இனிமே இவன் கையில வண்டி குடுக்கப்படாது" என்றாள் அவள்.

"சரிம்மா" என்றார் தட்சிணாமூர்த்தி. பஞ்சநாதனின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

விருத்தாம்பாள் பின்சீட்டில் ஏறி, அமராவதியின் கலைந்த பூவைச் சரி செய்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஞ்சநாதன் காரைக் கிளப்பினான்.

"யோவ், பாத்து ஓட்டு" என்றாள் பின்னாலிருந்து. "எங்க வூட்டுப் பொண்ணு உக்காந்திருக்கு."