இறக்கையோடு ஒட்டிய வேட்டி

செந்துறையில் கலியபெருமாளைக் கேட்டால், இந்தியாவின் பாதி விமானங்களைத் தானே செய்ததாகச் சொல்வார். உண்மையில் விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் முப்பத்திநாலு வருஷம் டேப் ஒட்டினார். துணி போர்த்திய இறக்கையின் தையலைக் காற்று பிரிக்காமலிருக்க மேலே ஒட்டுகிற துணிப்பட்டைதான் அந்த டேப்.

ஓய்வுபெற்று ஏழு வருஷம் கழித்து, பெரம்பலூர்க் கல்லூரிப் பேராசிரியை வேணி தங்கள் கல்லூரியின் இன்ஜின் இல்லாத விமானமான கிளைடருக்கு டேப் ஒட்ட அவரைக் கூப்பிட்டார். அன்று மூன்று மணிக்குப் பரிசோதகர் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கிளைடர் பறக்கும்.

"வேட்டியோடவா சார் வேலை?"

"தூக்கத்துலயே ஒட்டுவேன் மேடம்."

பசை தடவி, பட்டையை வைத்து, கட்டைவிரலால் குமிழ்களைத் தள்ளி, கடைசிப் பட்டையை முடித்தபோது மணி இரண்டு. பெருமையோடு நகர்ந்தார். இறக்கையும் கூடவே வந்தது. வேட்டி முனை பட்டைக்கு அடியில் பசையோடு காய்ந்து கிடந்தது.

"வெட்டிடலாங்களா சார்?" வேணி கத்தரியை நீட்டினார்.

வெட்டினால் மானம் தப்பும். ஆனால் துண்டு உள்ளே புடைத்து நிற்கும். மேலே போனதும் காற்று பட்டையைப் பிய்த்துவிடும்.

"வேணாம் மேடம். தின்னரை வெச்சுட்டு, செத்த வெளிய நில்லுங்க."

வேட்டியை அவிழ்த்துப் போட்டு, கோடு போட்ட டிராயரோடு தின்னரால் பசையைக் கரைத்துப் பட்டையை உரித்து, புதிதாக ஒட்டினார். வேட்டியைக் கட்டுவதற்குள் பரிசோதகர் வந்துவிட்டார். இறக்கையை மூன்று தடவை தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். டிராயரை ஒரே ஒரு தடவை பார்த்தார். அதைப் பற்றி எழுதப் படிவத்தில் இடமில்லை.