ரொக்கத்துக்கு இல்லாத விதை

கூட்டுறவுச் சங்கம் கடனாகக் கொடுத்த நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, செஞ்சிக் கடைத்தெருவில் ரஞ்சிதம் தலைநிமிர்ந்து நடந்தாள். ஆண்டுதோறும் அரங்கநாதனின் மண்டியில் விதைக்கு மல்லாட்டை என்னும் நிலக்கடலையைக் கடனாக வாங்குவாள்; அறுப்பில் ஒன்றுக்கு ஒன்றரையாகத் திருப்புவாள்; மிச்சத்தையும் அவர் தராசில், அவர் சொன்ன விலைக்கே போடுவாள். உழுதவர் வயிறு ஒட்டிக் கிடக்க, உட்கார்ந்திருந்தவர் வயிறு உப்பிய அந்த வழக்கம் இந்த ஆண்டோடு ஒழியும் என்று நம்பினாள்.

அந்த நம்பிக்கைக்கு விலையும் கொடுத்திருந்தாள். வெளிக்கடன் உள்ளவனைச் சங்கம் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே கணவன் விநாயகம் உறுப்பினராக வேண்டுமென்று, இந்த முறை பானையில் விதைக்கென ஒதுக்கிய கடலைக் காயையும் மண்டியில் கொட்டிப் பழங்கடனைத் தீர்த்திருந்தாள். ரொக்கம் கையிலிருந்தால் விதைக்கா பஞ்சம் என்று எண்ணியதுதான் பிழை. யுத்த காலம், ஊர்க் காயெல்லாம் எண்ணெய்க்குப் போயிருந்தது. விதை இருந்த இடம் ஒன்றுதான்.

"ரெண்டு மூட்ட மல்லாட்ட வேணும், மொதலாளி. ரொக்கம் இருக்குது."

அரங்கநாதன் முடிச்சைப் பார்த்தார். "சங்கத்துப் பணமா? அதான் நடையே மாறிப்போச்சு."

"நடைய வுடுங்க. பணத்த எண்ணிப் பாருங்க."

"ரொக்கத்துக்கு வித இல்லம்மா. கடனுக்குன்னா இப்பவே ஏத்தச் சொல்றேன்."

"ரெண்டும் ஒரே மூட்டதானே?"

"ஒரே மூட்டதான்."

அவர் முதுகுக்குப் பின்னால் மூட்டைகள் கூரையை முட்டின. காசு வாங்கினால் விதையின் விலை மட்டும் அவருக்கு. கடன் கொடுத்தால் விளைச்சலே அவருக்கு. உழவனுக்கு உதவி என்று ஊரார் புகழ்ந்த கடன், உழவனின் காலில் பூட்டிய விலங்கு என்பதை அன்று அவள் கண்ணெதிரே கண்டாள்.

வீட்டில் விநாயகம் ஏரைப் பூட்டத் தயாராக நின்றான். "ஈரம் நாளைக்கு மேல நிக்காது. கடனுக்கே வாங்கினு வந்திருக்கலாமில்ல?"

"அப்பறம் சங்கத்துல எந்த மூஞ்சிய வச்சினு நிக்கிறது?"

காலி விதைப் பானையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பக்கத்து வீட்டு மீனம்பாள் வாசலை மறித்தாள். "சங்கத்து வூட்டுக்காரி இன்னா பானையோட வர்ற? நோட்ட வெதைக்கிறதுதானே?"

"மொளைச்சா வெதைச்சிருப்பேன், அக்கா."

மீனம்பாள் சிரித்துவிட்டுத் தன் விதைப் பானையிலிருந்து படியால் அளந்து போட்டாள். "எடுத்த அளவே திருப்பிக் குடு. ஒன்றர கேக்க நான் மண்டி வைக்கல." அவளைப் பார்த்து, அவர்கள் ஊரான சிங்கவரத்தில் இன்னும் சிலர் போட்டார்கள். பெண்களே கூடி உட்கார்ந்து காயின் ஓட்டை உடைத்துப் பருப்பாக்கிக் கொடுத்தார்கள்.

மறுநாள் ஏருக்குப் பின்னால் சாலில் பருப்பை இட்டுக்கொண்டே போனாள். பாதி வயலில் கூடை காலியாயிற்று.

விநாயகம் மாட்டை நிறுத்தினான். "மீதிக்கு?"

"வூட்டுல இருக்கிற கம்ப தெளி."

"கம்ப எவன் வாங்குவான்?"

"நாமதான் தின்னணும்."

அவன் மாட்டைத் தட்டி ஏரை ஓட்டினான்.

முடிச்சை அவிழ்த்தால் பணம் அரிசியாகக் கரையும். அறுப்பில் பாதி விளைச்சலை வைத்துக்கொண்டு சங்கத்துக் கடனைத் திருப்ப முடியாது. மறுபடி மண்டி வாசல்தான். ஆகவே அன்றே சங்கத்தில் திருப்பிக் கட்டப் புறப்பட்டாள். போகும் வழியில்தான் மண்டி.

"பாதிக் காட்டுல கம்பாமே?" என்றார் அரங்கநாதன், தராசுத் தட்டைத் துடைத்தபடி. "அடுத்த வருஷம் ஆனி வெதைப்புக்காவது கடன் வாங்க வருவியா, ரஞ்சிதம்?"

வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அக்கம்பக்கத்தாருக்குத் திருப்ப வேண்டிய படிக் கணக்கும், அடுத்த விதைப்புக்கு ஒன்றுமில்லாத காலிப் பானையும் நெஞ்சில் வந்து நின்றன. முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டு சங்கத்தை நோக்கி நடந்தாள்.