கேள்விக்கு முந்திய ஓம்

கிண்ணியாத் துறையில் ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகிற பாதைப்படகு ஓட்டுகிற ஆதம்பாவா, "நான் ஒருநாளும் கடலில் போனதில்லை" என்ற வாக்கியத்துக்கு ஓம் என்று விடை சொல்லியிருந்தார். அதைக்கூட விட்டுவிடலாம், மனிதன் பகிடிக்கும் சொல்லுவான். ஆனால் அந்த விடைக்கு அவர் எடுத்த நேரம் பூச்சியம் செக்கன் என்று கொம்பியூட்டர் அச்சடித்துத் தந்திருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கிறேஸ் நெற்றியைத் தடவினாள்.

பூச்சியம் எந்த மனிதனுக்கும் ஏலாத காரியம். திரையில் வந்த எழுத்தைக் கண் பிடிக்க வேண்டும், மூளை வாசிக்க வேண்டும், மனம் ஒரு பக்கம் சாய வேண்டும், பிறகு விரலுக்குச் செய்தி போக வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரனுக்கும் இதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை அளக்கத்தான் பல்கலைக்கழகத்து உளவியல் பகுதி அந்தக் கொம்பியூட்டரை வைக்கோல் அடைத்த பெட்டியில் வைத்து, குழந்தைப்பிள்ளையை அனுப்புவதுபோல, திருகோணமலைக்கு றெயிலில் அனுப்பியிருந்தது. கிறேஸ் அதனுடன் வந்த தற்காலிக உதவியாளர். இந்தச் சோதனைதான் அவளுடைய பட்ட ஆய்வு. அது சரிவந்தால் வேலை நிரந்தரமாகும். பிழையாய்ப் போனால் வைக்கோல் பெட்டியோடு சேர்ந்து அவளும் திரும்ப வேண்டியதுதான்.

சோதனை மிக எளிது. ஓர்ஸ் ஹில்லில் வாடகைக்கு எடுத்த மண்டபம். மேசையில் கொம்பியூட்டர், அதன்மேல் இரவல் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி. திரையில் ஒவ்வொரு வாக்கியமாக வரும். விசைப்பலகையில் பச்சைத் தாள் ஒட்டிய விசை ஓம், சிவப்புத் தாள் ஒட்டியது இல்லை. அமத்தியதும் வாக்கியம் மறைந்து அடுத்தது வரும். தமிழ் எழுத்து அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால் புள்ளி புள்ளியாகப் படம் கீறுவதுபோல அது ஒவ்வொரு எழுத்தையும் கீறிக் காட்டும். கீறி முடிந்ததும் கடிகாரம் தொடங்கும்.

இன்னொரு விதியும் இருந்தது. ஆராய்ச்சி செய்கிறவரின் முகத்தைக் கண்டால் விடை சொல்கிறவரின் மனம் மாறிவிடுமாம். ஆகவே கிறேஸ் ஒரு துணித்திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, அச்சாகி வருகிற தாளை மட்டும் பார்ப்பாள். மனிதரை ஆராய வந்தவர்கள் மனிதரைப் பார்க்கக் கூடாது.

புதிர் ஆதம்பாவாவோடு நிற்கவில்லை. வந்தவர்கள் எல்லோருடைய தாளிலும் ஒழுங்கான விடைகளுக்கு நடுவே இந்தப் பூச்சியம் ஓம்கள் முளைத்திருந்தன. மூதூரில் கன்னியர் மடத்துக்குச் சமைக்கிற அருள்மலர் "நான் சமைத்ததே இல்லை" என்பதற்கு ஓம். சம்பூர்க் கமக்காரர் ஒருவர் "எனக்கு மண் என்றால் வெறுப்பு" என்பதற்கு ஓம். கிறேஸ் தானே இருந்து செய்து பார்த்தாள். ஒரு பூச்சியமும் வரவில்லை. இயந்திரம் சரி, சனம்தான் வில்லங்கம் என்பதுபோல இருந்தது.

அவளை அனுப்பிவைத்த பேராசிரியர் கனகரத்தினத்துக்கு இதில் புதிரே தெரியவில்லை. அச்சுத்தாள்களைப் பார்க்க வந்தவர் புளகாங்கிதம் அடைந்தார்.

"கிறேஸ், இதென்ன எண்டு விளங்குதோ உமக்கு? கேள்விக்கு முந்தியே வாற ஓம்! கப்பல் வாற போற இடத்துச் சனம். தலைமுறை தலைமுறையா ஆர் என்ன கேட்டாலும் தலையாட்டிப் பழகின மனம். முன்னிசைவு எண்டு பேர் வைச்சிட்டன். அடுத்த மாதம் மணிலா மாநாட்டில வாசிக்கப் போறன். உம்மட பேரும் இருக்கு."

"சேர், பூச்சியம் செக்கனில ஒருத்தருக்கும் வாசிக்க ஏலாதே."

"அதைத்தானே நானும் சொல்லுறன்! வாசிக்காமலே சொல்லுதுகள்."

அவர் போன பிறகு கிறேஸ் நெடுநேரம் யோசித்தாள். அவளும் இந்த ஊர்ப் பிள்ளை, அன்புவழிபுரத்தில் வளர்ந்தவள். தன் பெயரைக் கீழே போட்டு, தன் ஊரை உலகத்துக்கு முன்னால் தலையாட்டிப் பொம்மைகளாக்குவதா? அடுத்தநாள் காலை அவள் விதியை மீறினாள். துணித்திரையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

அன்று முதலில் வந்தவர் ஒரு தையல்காரி, பெயர் சித்தி பரீதா.

"இதில படம் போடுவீங்களோ மிஸ்?"

"படம் இல்லை ராத்தா. எழுத்துத்தான் வரும். ஓம் எண்டால் பச்சை, இல்லையெண்டால் சிவப்பு."

"வெறும் எழுத்தா? இதுக்கா மருமகளும் படம் பாக்க உடுத்து வெளிக்கிட்டு வந்து வெளியில நிக்கிறாள்!"

கிறேஸ் பக்கத்துக் கதிரையில் இருந்து அவருடைய விரலை மட்டும் பார்த்தாள். "எனக்கு விருந்தாளிகள் வருவது விருப்பம்" என்று வாக்கியம் வந்தது. சித்தி பரீதா வாசித்தார், முகம் மலர்ந்தார், பச்சையை அமத்தினார். திரை வெறுமையானது. இயந்திரம் அடுத்த வாக்கியத்தைக் கீறத் தொடங்க, அவருடைய விரல் பச்சையை இன்னொரு தரம் அமத்தியது.

"ராத்தா, ஏன் ரெண்டு தரம் அமத்தினீங்கள்?"

"ஓம் ஓம் எண்டுதானே சொல்லுறது? ஒத்தை ஓம் சொன்னா மனமில்லாமச் சொல்ற மாதிரி எலுவா? ஊட்டுக்கு வாங்க எண்டு ஆரும் கூப்பிட்டா, ஓம் எண்டு மட்டும் சொல்லிப் பாருங்க, அவ்வளவுதான், கோவிச்சிருவாங்க."

"இல்லையெண்டால்?"

"அது ஒருக்காத்தான். ரெண்டு தரம் இல்லை எண்டா சண்டை எலுவா வரும்!"

கிறேஸுக்குச் சிரிப்பும் வந்தது, மளமளவென்று விளக்கமும் வந்தது. இந்த இயந்திரம் கடைசியாக அமத்திய விசையை ஓரிடத்தில் பிடித்து வைத்திருக்கும், புறோகிராம் வந்து கேட்கும் வரைக்கும். பாதைப்படகு போன பிறகு துறைக்கு வருகிற பயணியைப்போல. அவர் திரும்பிப் போகமாட்டார், அடுத்த படகு வந்ததும் முதல் ஆளாக ஏறி இருந்துவிடுவார். அப்படித்தான் இரண்டாவது ஓமும். அடுத்த வாக்கியம் கீறி முடியும்வரை அது காத்திருந்து, கடிகாரம் தொடங்கிய அந்தக் கணமே விடையாக ஏறிவிட்டது. வாசிக்காமல் விடை சொன்னது சனம் அல்ல, இயந்திரம். தான் செய்து பார்த்தபோது பூச்சியம் வராததற்கும் காரணம் விளங்கியது. கைநூலில் ஒரு தரம் அமத்து என்று இருந்தது, அவளும் நல்ல மாணவியாக ஒரு தரம்தான் அமத்தியிருந்தாள்.

பேராசிரியர் முழுவதையும் கேட்டார்.

"ஓம் ஓம், விளங்குது. அப்ப சனத்துக்கு ஒருக்கா மட்டும் அமத்தச் சொல்லும். இதுவரை எடுத்த முடிவு அப்பிடியே இருக்கட்டும்."

"சேர், நீங்களும் இப்ப ரெண்டு தரம் சொன்னீங்கள்."

"அது பேச்சில வாறது!"

சொல்லிப் பார்ப்போம் என்று ஆதம்பாவாவை மறுபடி கூப்பிட்டாள். பேராசிரியரும் ஒரு கதிரையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஓம் எண்டால் ஒருக்கா மட்டும் அமத்தவேணும். விளங்குதோ?"

"ஓம் ஓம்," என்றார் ஆதம்பாவா. சொல்லிக்கொண்டே பச்சையை இரண்டு தரம் அமத்தினார். கேள்வி இன்னும் வரவேயில்லை.

கிறேஸ் பேராசிரியர் பக்கம் திரும்பினாள். "முன்னிசைவுக் கட்டுரையில என்ர பேர் வேண்டாம் சேர். வேலை போனாலும் பரவாயில்லை."

"அப்ப மணிலாவில நான் என்னத்தை வாசிக்கிறது?"

"இதையே வாசியுங்கோ. இந்தப் பூச்சியம் எங்கையிருந்து வந்தது, எப்பிடித் திருத்தினம் எண்டு. நாளைக்கு ஆராவது எழும்பி, பூச்சியம் செக்கனில வாசிக்கிற மனிசனை எனக்குக் காட்டு எண்டு கேட்டால் என்ன சொல்லுவீங்கள்? இதை வாசிப்பீங்களோ, சேர்?"

பேராசிரியர் யன்னலால் உள்துறைமுகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஆதம்பாவாவைப் பார்த்தார். கடைசியில், "ஓம்," என்றார். அந்த விடைக்கு அவர் எடுத்த நேரத்தை யாரும் அளக்கவில்லை. நல்ல நீளமான நேரம். அது ஒத்தை ஓம்தான், ஆனாலும் கிறேஸுக்குப் போதும். வேலையும் ஆய்வும் தப்பின, எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டு முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி.

அவள் புறோகிராமைத் திறந்து ஒரு கட்டளையைச் சேர்த்தாள். மறுபடி ஓடவிட்டாள். முந்திய வாக்கியத்துக்கு ஆதம்பாவா தன் வழக்கப்படியே பச்சையை இரண்டு தரம் அமத்தினார். இந்தமுறை, கடலில் போனதில்லை என்ற வாக்கியம் வந்து நின்று அவருக்காகக் காத்திருந்தது.

"இதென்ன மிஸ், ஆர் சொன்ன பொய் இது?" என்று கத்திக்கொண்டே அவர் சிவப்பை அமத்தினார். தாளில் பூச்சியம் இல்லை.

அவள் சேர்த்த கட்டளை இதுதான்: வாக்கியத்தின் கடைசி எழுத்தும் திரையில் வந்த பிறகு, முன்பு அமத்தியதில் பிடிபட்டிருக்கிற விசையை அழித்துவிடு, அதற்குப் பிறகு கடிகாரத்தைத் தொடங்கு.