சாகவிட வேண்டிய பாதி

1

இந்தக் கதையை அண்ணியிடமிருந்து சுட்டேன். அவர் ஓர் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சை வளர்க்கிறார். செடியின் வேரோடு ஒட்டி வாழும் பூஞ்சை அது. வேரை அழுகவைக்கும் வேறொரு பூஞ்சையைக் கண்டால் சுற்றி வளைத்து, ஒரு நொதியைச் சுரந்து, அதன் செல் சுவரைக் கரைத்துத் தின்றுவிடும்.

'வேருக்கடியில் ஒரு போர் மூண்டது' என்று தொடங்கியிருந்தேன். அண்ணி படித்துவிட்டு, "போரெல்லாம் இல்ல. அதுக்குப் பசி, அவ்வளவுதான்" என்றார். அடித்துவிட்டேன்.

2

பசிதான் சிக்கலே. அண்ணியின் பூஞ்சை ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் கொழுகொழுவென்று வளர்ந்தது, நொதிதான் வரவில்லை. தூக்கிப் போடச் சொல்லிவிட்டார் தலைமை ஆய்வாளர். போடும் முன் அண்ணி அதற்குக் கொடுத்துவந்த சர்க்கரையை நிறுத்திப் பார்த்தார். பதிலுக்கு எதிரிப் பூஞ்சையைக் கொன்று, அதன் சுவரைப் பொடித்துப் போட்டார். நொதி வந்தது.

(சும்மா கிடைக்கும்போது யார்தான் உழைப்— வேண்டாம். உபதேச வாசனை அடிக்கிறது.)

3

தக்காளி நாற்றுகளை வேரழுகலுக்குப் பறிகொடுத்துக்கொண்டிருந்த நர்சரிக்காரர் ஒருவர் சோதனைக்கு ஒப்புக்கொண்டார். [இவரை முதலில் முரடராக எழுதினேன். பொய். நாற்றைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிற ஆள்.]

"பாதிக்கு மட்டும் இந்தப் பூஞ்சைத் தண்ணியை ஊத்துங்கண்ணே. மீதியைத் தொடாதீங்க" என்றார் அண்ணி.

"மீதி செத்துடுமே மேடம்."

"அது செத்து இது பொழச்சாத்தான், காப்பாத்தினது பூஞ்சைன்னு தெரியும்."

தலையாட்டினார். அண்ணி மறுபடி போனபோது எல்லா நாற்றும் பச்சைப்பசேலென்று நின்றன.

"எல்லாத்துக்கும் ஊத்திட்டீங்களா?"

"கண்ணு முன்னாடி வாடுது. மனசு கேக்கல."

அண்ணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காப்பாற்றியது பூஞ்சையா, இடையில் மழை ஓய்ந்து மண் காய்ந்ததா? சொல்ல வழியில்லை. இன்னொரு தடவை பார்க்கலாம், அதிலும் நிரூபிக்காவிட்டால் பூஞ்சை குப்பைக்குத்தான் என்றார் தலைமை ஆய்வாளர்.

4

முடிவு ஒன்று: நர்சரிக்காரர் மனம் மாறி—

"அவர்தான் மாறணும்னு நீ ஏன் முடிவு பண்ற?" என்று அண்ணி கேட்டார். அதையும் அடித்தேன்.

நடந்தது இதுதான். புது நாற்றுகளிலும் அழுகல் தொடங்கியது. அண்ணி மீண்டும் போய்ப் பாதியைக் கேட்டார். நர்சரிக்காரர் மறுக்கவில்லை. அடையாளக் குச்சிகளை அண்ணி கையில் கொடுத்தார்.

"எதைச் சாகவிடணும்னு நீங்களே ஊனிட்டுப் போங்க மேடம். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

தட்டுத் தட்டாகப் பூஞ்சையைக் கொன்று பழகிய அண்ணி, முதல் நாற்றின் முன் குனிந்தார். அது ஒரு புது இலை விட்டிருந்தது. அடுத்ததைப் பார்த்தார். அதுவும்தான்.

இதற்குமேல் அண்ணி எனக்குச் சொல்லவில்லை. என் கதையில் இன்னும் குனிந்தபடியே நிற்கிறார். குச்சி இப்போது உங்கள் கையில். எங்கே ஊன்றுவீர்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.