மூன்றாவது பாட்டிலின் வளையம்

1

இந்தக் கதையை எழுதாதே என்றுதான் என் மனைவி தமாரிஸ் முதலில் சொன்னாள். பிறகு, எழுதித்தான் தொலைப்பேன் என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் என்னிடம் காட்டிவிட்டு எழுது என்றாள். ஆகவே அடைப்புக்குறிக்குள் கேட்கும் குரல் அவளுடையது. அதை வெட்டும் அதிகாரம் எனக்கு இல்லை.

கதை பிறந்த இடம் எங்கள் சமையலறை. குளிர்பெட்டியின் மேல் ஒரு பாட்டில் நிற்கிறது. அதன் மூடியை யாரும் திறக்கவில்லை. அல்லது, யாரும் திறக்கவில்லை என்று மூடி சொல்கிறது. கதை முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நடக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பர்ராங்கியாவின் மதிய வெயிலில்..." வேண்டாம். வெயில் எங்கள் ஊரில் வெளியே சும்மா கிடைக்கிறது, அதற்குப் போய் யார் புத்தகத்தைத் திறப்பார்கள்?

அடுத்து இப்படி: "எவேலியோ விழுந்த அந்தச் சனிக்கிழமை..." இதுவும் வேண்டாம்.

(இதுதான் வேணும். எழுது.)

2

எழுதுகிறேன். எவேலியோ உத்ரியா, தமாரிஸின் அண்ணன். சனிக்கிழமை மதியம் தெருமுனையில் டோமினோ ஆட்டம். மேசைக்கு ஒரு ரம் பாட்டில் வந்தது. எவேலியோவே மூடியைத் திருகினான். மூடிக்குக் கீழே உள்ள வளையம் அறுந்த சத்தம் நன்றாகக் கேட்டது என்று கூட ஆடியவர்கள் பிற்பாடு சொன்னார்கள். முதல் மூடியைத் தரையில் ஊற்றினான், அது செத்தவர்களுக்கு. அதற்குப் பிறகு மூடியே கிண்ணம், கைக்குக் கை போகும். ஜெயித்தவனுக்கு ஒரு மூடி கூடுதல். நீட்டிய மூடியை மறுப்பது எங்கள் தெருவில் முகத்தில் துப்புவதற்குச் சமம்.

அன்று எவேலியோ ஜெயித்துக்கொண்டே இருந்தான்.

ஞாயிறு காலை கண் தெரியவில்லை என்றான். திங்கட்கிழமை அவன் இல்லை. பாட்டிலில் இருந்தது மெத்தனால், காலி பாட்டிலில் யாரோ நிரப்பி விற்றது. மூடி மட்டும் அசல். அதை வடிவமைத்தவள், மூடி ஆலையில் வேலை பார்க்கிற தமாரிஸ்.

3

கதையை நிறுத்திவிட்டு மூடியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. மேலே மூடி, கீழே வளையம், இரண்டையும் நகநுனி அளவு பாலங்கள் பிடித்திருக்கும். திருகினால் பாலங்கள் அறும், வளையம் பாட்டிலின் கழுத்திலேயே தங்கிவிடும். வாங்குகிறவருக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். இந்த அளவுக்கு ஏழைகளை மதிக்கிற பொருள் கடையில் வேறு எதுவும் இல்லை என்று நான் நினைப்பதுண்டு.

(ரொம்பப் பூ சுத்தாத. நான் பண்ணின தப்பச் சொல்லு.)

எங்கள் கரையோர வெயிலில் லாரி பகல் முழுக்க நிற்கும். கடைக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே வளையங்கள் விரிசல் விட்டன. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். தமாரிஸ் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் இளக்கினாள். விரிசல் நின்றது, ஆலையில் கேக் வெட்டினார்கள். வெயிலுக்கு இளகத் தெரிந்த வளையத்துக்குக் கொதிநீரிலும் இளகத் தெரியும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நிரப்புகிறவர்களுக்குத் தோன்றியது. கொதிநீரில் பிடித்தால் வளையம் முழுசாகக் கழன்று வரும், முழுசாகத் திரும்பப் போகும். வாங்குகிறவன் திருகும்போது முறையாகச் சத்தமும் போடும்.

இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று...

(அழல. அடிச்சிடு.)

அடித்துவிட்டேன்.

4

வில்ஃப்ரிதோ என்கிற பாத்திரம்தான் எனக்குப் பிடிபடவில்லை. கெட்டவனாக எழுதினால் பேனா நகரமாட்டேன் என்கிறது, நல்லவனாக எழுத எனக்கு மனசு வரவில்லை. பாட்டில் நிரப்பியதற்காகச் சிறையில் இருந்தவன். இப்போது மின்விசிறி பழுது பார்க்கிறான். தமாரிஸ் புது மூடி ஒன்றைச் செய்து முடித்ததும், இதை ஏமாற்றத் தெரிந்தவன் கையில்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவனைத் தேடிப் பிடித்தாள். அவன் தோற்றால் அவள் மூடிக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடுவாள், ஆலையில் அது தயாராகத் தொடங்கும்.

சோதனை அறையில் ஒரு அடுப்பு, கொதிக்கிற தண்ணீர், சீல் வைத்த மூன்று பாட்டில்கள். பாட்டில்களுக்குள் வெறும் தண்ணீர். பக்கத்து ஜாடியில் உப்புத் தண்ணீர். வளையம் அறாமல் திறந்து, இதைக் கொட்டி அதை நிரப்ப வேண்டும்.

"என்ன டாக்டரம்மா," என்றான் வில்ஃப்ரிதோ. எங்கள் ஊரில் படித்தவர்கள் எல்லாரும் டாக்டர்தான். "இதுக்குத்தான் என்னை உள்ள தள்ளினாங்க. இப்ப நீங்களே அடுப்பு பத்தவெச்சுக் குடுக்குறீங்க."

"வாயால கழட்ட முடியாது. கைய வை."

"யாராவது பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கை வராது."

"நான் வெளிய இருக்கேன். முடிஞ்சதும் கூப்பிடு."

அப்போதுதான் அவள் சட்டையில் இருந்த உத்ரியா என்ற குடும்பப் பெயரைப் பார்த்தான். "எவேலியோ உத்ரியா உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன்."

கையில் எடுத்த பாட்டிலை அவன் திரும்பக் கீழே வைத்தான்.

"அந்தப் பாட்டில் நீ நிரப்பினதா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. நிரப்பிக் குடுத்துட்டா எது எந்தத் தெருவுக்குப் போகுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றாள்.

திரும்பக் கூப்பிட்டபோது இரண்டு பாட்டில்களின் வளையம் கிழிந்து கிடந்தது. மூன்றாவது முழுசாக இருந்தது.

"ரெண்டு போச்சு. மூணாவதத் தொடல. கை வரல," என்றான் வில்ஃப்ரிதோ. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அந்த மூன்றாவது பாட்டில்தான் எங்கள் குளிர்பெட்டியின் மேல் நிற்கிறது.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

உள்ளே உப்பு. அப்படியானால் மூடி தோற்றது, அவன் பொய் சொன்னான்.

உள்ளே வெறும் தண்ணீர். நல்ல முடிவு போலத்தான் இருக்கிறது. ஆனால் முடியாததால் தொடவில்லையா, முடியும் என்பதைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தொடவில்லையா? வெறும் தண்ணீர் இதற்குப் பதில் சொல்லாது.

மூன்றாவதில் வில்ஃப்ரிதோ அவள் காலில் விழுந்து...

(சினிமாவா எடுக்குற, கிழவா?)

நான்காவது ஒன்று இருக்கிறது. அதை எழுத எனக்குப் பயம். அந்தச் சோதனை அறை அலமாரியில், மூடி வார்க்கிற அச்சைத் துடைக்கிற மெத்தனால் போன்ற திரவங்களும் இருந்தன. கதவு சாத்தியிருந்தது. ஆய்வகத்தில் ஒரு சொட்டு கொடுத்துப் பார்க்கலாமே என்று கெஞ்சினேன்.

"கடையில வாங்குறவன் ஆய்வகத்துக்கா கொண்டு போறான்?" என்றாள்.

6

இன்று காலை இதுவரை எழுதியதை வாசித்தாள். எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள்.

"நாளைக்குக் கையெழுத்துப் போடணும்."

திருகினாள். சத்தம் சுத்தமாகக் கேட்டது. வளையம் கழுத்திலேயே தங்கியது.

முதல் மூடியைத் தரையில் ஊற்றினாள். "உனக்கு, எவேலியோ," என்றாள். இரண்டாவதை நான் எழுந்திருப்பதற்குள் குடித்துவிட்டாள். என் நாற்காலி பின்னால் விழுந்ததுதான் மிச்சம்.

"என் மூடிய நானே நம்பலன்னா ஊர்ல யாரு நம்புறது?"

அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். டோமினோ ஆடுகிற குடும்பம், முகத்தில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது மூடியை ஊற்றி என் முன்னால் நீட்டினாள்.

"குடி, கிழவா. குடிச்சிட்டு முடிவ எழுது."

நீட்டிய மூடியை மறுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வாங்கிக்கொண்டேன். இடது கையில் மூடி, வலது கையில் பேனா. உதட்டருகே கொண்டுபோனதும் எனக்கு...

இல்லை, இதை நான் முடிக்கப் போவதில்லை. உங்கள் பக்கத்திலும் ஏதாவது ஒரு பாட்டில் இருக்கும். எடுத்துத் திருகுங்கள். சத்தம் கேட்டதா?

எவேலியோவுக்கும் கேட்டது.